தூர் தெரிந்தவர்

2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, 'வேரோடு பிடுங்குங்கள்!' என்று நானும் ஆவேசமாக எழுதினேன். படித்ததோ பி.காம்.! சில மாதங்களில் இடைக்காலத் தடை வந்தது. நிபுணர்கள் ஆராயட்டும் என்றார்கள்.

பிற்பாடு ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடும் ஒரு அக்காவைப் பார்த்தேன். ''மேல வெட்டுனா தழைச்சிரும் தம்பி, தூரைத் தோண்டணும். காயைத் தின்ன மாட்டுச் சாணியிலயும் முளைக்கும். மொத்தமா அழிச்சிட்டா எங்க கஞ்சிக்கு என்ன வழி?''

2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. இதற்கெல்லாம் யோசனை சொல்ல, சம்பளம் வாங்காமல் வரும் விவரஸ்தர்கள் வேண்டும்தான். அந்த அக்காவைவிட விவரஸ்தர் யார்? அன்றைக்கே கேட்டேன்.

''கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்குக் கூப்பிட்டா வருவீங்களா?''

''வரலாம்... அன்னிக்குக் கூலி? மூட்டத்தை யாரு பார்த்துக்குவா? அசந்தா சாம்பல்தான்!''