நோன்பிரவின் விஞ்ஞாபனம்

ஆராதனைக்கு வந்தவர்களிடையே காணிக்கைத் தட்டைச் சுற்றிவரச் செய்யும் சௌகரியம் கிறிஸ்தவ தேவாலயங்களுக்கு உண்டு. ஆசாரம் வழுவாத யூத ஜெப ஆலயங்களுக்கு அது கிடையாது. ஓய்வு நாளிலும் பண்டிகை நாளிலும் பணத்தைத் தொடுவதும் பேனாவைப் பிடிப்பதும் சாஸ்திர விரோதமாகையால், ஜனங்கள் திரளாகக் கூடும் தினங்கள் எவையோ அவையே காசு புழங்கக் கூடாத தினங்களாக அமைந்துவிடுகின்றன. ஆகவே அமெரிக்காவிலுள்ள அந்த ஆலயங்கள் அங்கத்தினர் சந்தாவையும், பண்டிகைக்கால ஆசனச் சீட்டுகளையும், அவை போதாதபோது (போதுவதே இல்லை என்பது பொக்கிஷதார்களின் ஏகோபித்த அபிப்பிராயம்) வருஷாந்தர விஞ்ஞாபனத்தையும் நம்பியே குருவாகிய ரபியின் சம்பளத்தையும் கூரையின் ஒழுக்கையும் சமாளித்து வருகின்றன.

நான் புரூக்ளினில் குடியிருந்த காலத்தில் என் அண்டை வீட்டுக்காரர் அத்தகைய பொக்கிஷதார்களுள் ஒருவராக இருந்தார். கோடையின் இறுதியில் அவர் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியபோது, அந்நியனான என்னையும் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதித்தார்கள். புத்தாண்டாகிய ரோஷ் ஹஷானாவுக்கு முந்திய எலூல் மாதம் ஆத்ம பரிசோதனைக்கென்றே ஏற்பட்டதாகையால், வேண்டுகோள் கடிதத்தை அம்மாதத்தில் அனுப்புவதில் ஒருவருக்கும் ஆட்சேபமில்லை. ஜீவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்கு எண்மதிப்பு 18 ஆதலால், தொகைகள் 18, 36, 180 என்று ஏறிச்செல்வதும் வழக்கப்படியே நிச்சயமாயிற்று.

பேச்சு சூடேறியது பெயர்களைப் பற்றித்தான். கொடுப்பவர் பெயரையும் தொகையையும் சபையில் உரக்க வாசிக்கும் பழைய பழக்கத்தை மீண்டும் கொண்டுவர வேண்டுமென்று ஒரு முதியவர் வாதாடினார். வெட்கத்தைப் போல நன்கொடை வசூலிப்பவர் வேறொருவருமில்லை என்பது அவர் கட்சி. அதற்கு ரபி, ஐசுவரியவான் அதிகமாகவும் தரித்திரன் குறைவாகவும் கொடுக்கலாகாது என்று யாத்திராகமத்தின் 30ஆம் அதிகாரம் விதிக்கும் அரைச் சேக்கல் வரியை நினைவூட்ட, அந்தக் கணக்கில் கூரையின் ஒரு மூலையைக்கூடச் செப்பனிட முடியாதென்று பொக்கிஷதார் மரியாதையாகவே மறுத்தார்.

யோம் கிப்பூர் என்னும் பிராயச்சித்த உபவாசம் தொடங்கும் மாலையில், சூரியன் மறையுமுன், கோல் நித்ரே ஓதப்படுகிறது. வருஷம் முழுவதும் தலைகாட்டாதவர்களும் அப்போது வந்து நிற்பார்களாகையால், அதை அடுத்தே விஞ்ஞாபனத்தை வைப்பது பல சபைகளின் வழக்கம். நேர்ந்துகொண்ட விரதங்களையும் சபதங்களையும் ரத்து செய்யும் சூத்திரமே கோல் நித்ரே. அதன் ஓசை அடங்குமுன் புதிய வாக்குறுதி கேட்கும் ஏற்பாட்டைச் செய்தவர் யாராயினும், அவருக்கு ஹாஸ்ய உணர்ச்சி குறைவில்லாமல் இருந்திருக்க வேண்டும். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள சபதங்களையே அது தீண்டும், பிறருக்குக் கொடுத்த வாக்கு நிலைத்தே நிற்கும் என்பது பண்டிதர்களின் சமாதானம்.

எழுதலாகாத அந்த இரவில் வாக்குறுதியைப் பதிவு செய்வதற்கென்று ஒரு சீட்டு உண்டு. பெயர் முன்னரே அச்சாகியிருக்கும். ஓரத்தில் தொகை குறித்த சிறு நாக்குகள் வரிசையாக நிற்கும். விருப்பமான நாக்கை மடித்துத் தொண்டரிடம் நீட்டிவிட்டால் போதும். மடித்தது 18 டாலரா 1800 டாலரா என்பது பக்கத்து ஆசனத்துக்காரருக்கும் தெரியாது. பொக்கிஷதாரைச் சங்கடப்படுத்தும் தடையே ஏழை அங்கத்தினரின் மானத்துக்குத் திரையாகவும் அமைந்ததைக் கண்டபோது, அம்முதியவரின் கட்சியில் எனக்கிருந்த கொஞ்ச அனுதாபமும் அகன்றது.

12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ், ஏழைகளுக்கு ஈயும் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். பிறர் கையை எதிர்பாராதபடி ஒருவனை அவன் தொழிலில் நிலைநிறுத்துவது உச்சப்படி. கேட்குமுன் கொடுப்பது மேலிருந்து ஐந்தாவது. கேட்டபின் கொடுப்பது ஆறாவது. ஆலயச் செலவுக்கும் இதே அளவுகோலைப் பிடித்தால், கமிட்டியார் உழைப்பெல்லாம் கீழ் மூன்று படிகளிலேயே கழிகிறதென்று நான் மெல்லச் சொன்னேன். கொடுப்பவனைக் காட்டிலும் கொடுக்கச் செய்பவன் பெரியவன் என்றும் அவரே எழுதியிருக்கிறார் என்று ரபி உடனே விடை பகர்ந்தார். நான் அடங்கிப் போனேன்.

யோம் கிப்பூர் காலையில், பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே உண்மையான உபவாசமென்னும் ஏசாயாவின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுமாகையால், வசூலில் ஒரு பங்கு ஏழைகளின் உணவுக்குப் போகவேண்டுமென்று ஒரு பெண்மணி வற்புறுத்தினார்; ஏற்கப்பட்டது. பெயர்களை வாசிப்பதில்லை என்பதும் முடிவாயிற்று. ஹனுக்கா பண்டிகைக்குள் வாக்களித்த பணத்தை வீடு வீடாகக் கேட்டு வசூலிப்பவர் யார் என்று தலைவர் வினவியபோது, அதுவரை ஓயாது பேசியவர்கள் தத்தம் தேநீர்க் கோப்பைகளை ஆராயலானார்கள். பொக்கிஷதார் பெருமூச்செறிந்து தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார்.