மூசிக்கரையில் ஐரோப்பா

பறிபோன மாகாணத்தைக் கேட்டு லண்டன்வரை போனார் ஹைதராபாத் திவான். கிடைத்தது ஒரு பளிங்குச் சிலை.

மதியம் 12 மணி நெருங்கும்போது ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் மற்ற கூடங்கள் காலியாகிவிடும். காவலாளிகள் உள்பட எல்லோரும் முற்றத்துப் பக்கம் வந்துவிடுவார்கள். சீருடைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எதிரே, கண்ணாடிக்குள் ஓர் ஆளுயரக் கடிகாரம். அதில் ஒரு கொல்லன் நொடிக்கு ஓர் அடி வீதம் ஓயாமல் சம்மட்டி அடித்துக்கொண்டிருக்கிறான். மணியானதும் சின்னக் கதவு திறந்து தாடிக்கார பொம்மை ஒன்று வெளியே வரும். 12 முறை மணியடித்துவிட்டு உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் செய்த பாகங்களைக் கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி கம்பெனி பூட்டிக் கொடுத்த கடிகாரம் இது.

கூட்டம் அடுத்து ஓடுவது ரெபெக்காவிடம். தனி அறையில் நிற்கும் பளிங்குப் பெண். முகத்தின் மேல் மெல்லிய முக்காடு. அதற்குள்ளே மூக்கும் உதடும் தாழ்ந்த இமையும் தெரிகின்றன. முக்காடும் முகமும் ஒரே கல். "துணியைத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. இத்தாலியச் சிற்பி ஜொவானி மரியா பென்சோனி செதுக்கியது. தன்னை மணக்கப்போகும் ஈசாக்கைத் தொலைவில் கண்டதும் ரெபெக்கா முக்காடிட்டுக்கொண்டதாகச் சொல்கிறது பைபிள். அந்தக் கணம்தான் கல்லில் இருக்கிறது. பென்சோனி இதே சிலையைப் பலமுறை செய்து விற்றார். அமெரிக்க மியூசியங்களிலும் இவளுடைய சகோதரிகள் உண்டு. ஹைதராபாத்வாசிகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

சற்றுத் தள்ளி இன்னொரு வித்தை. மரத்தில் செதுக்கிய மெஃபிஸ்டோஃபிலிஸ், திமிராக நிமிர்ந்து நிற்கிறான். பின்னாலிருக்கும் கண்ணாடியில் பார்த்தால் அவன் முதுகு இருக்க வேண்டிய இடத்தில் தலைகுனிந்த மார்கரெட்டா. இருவரும் ஒரே மரத்துண்டு. அப்புறம் பிரெஞ்சு நாற்காலிகள், வெனிஸ் கண்ணாடிகள், டிரெஸ்டன் பீங்கான்கள், வரிசையாகக் கடிகாரங்கள். பதினாறாம் லூயி, திப்பு சுல்தானுக்கு அனுப்பியவை என்று மியூசியம் சொல்லும் தந்த நாற்காலிகளும் உண்டு. கலை விமர்சகர்கள் இதையெல்லாம் பார்த்து முகம் சுளிப்பதும் உண்டு. உயர்ந்த சரக்கும் சந்தைச் சரக்கும் கலந்துகிடக்கின்றன என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வாங்கியவர் பாடப்புத்தகத்தைப் பார்த்து வாங்கவில்லை. பிடித்ததை வாங்கினார்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐரோப்பா இன்று எட்டாத தூரமில்லை. மேல்படிப்புக்குப் போகும் ஹைதராபாத் மாணவர்கள், வசந்தகால விடுமுறையில் நண்பர்களோடு ரயிலேறிப் பாரிஸ், ரோம், பிராக் என்று சுற்றிவருகிறார்கள். 29 நாடுகளுக்கு ஒரே விசா. ஆனால் இதே ஊரிலிருந்து ஒரு வசந்தத்தில் ஐரோப்பா புறப்பட்ட ஒருவருக்குக் கையில் இருந்தது சுற்றுலாத் திட்டமல்ல, ஒரு வழக்கு. ரெபெக்கா ஹைதராபாத் வந்தது அந்தப் பயணத்தில்தான்.

வருடம் 1876. மீர் துராப் அலி கானுக்கு அப்போது 47 வயது. முதலாம் சாலார் ஜங் என்றால் எல்லோருக்கும் தெரியும். இருபத்து நான்கு வயதில் திவானானவர். கஜானா காலி, வரி வசூல் குத்தகைக்காரர்கள் கையில், அரபு, ரோஹில்லா கூலிப்படைகள் தெருவில் - இப்படி இருந்த ராஜ்யத்தை மாவட்டங்களாகப் பிரித்து, சம்பளம் வாங்கும் அதிகாரிகளைப் போட்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். 1857ல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தபோது ஹைதராபாத்தைப் பிரிட்டிஷார் பக்கம் நிறுத்தியவரும் அவர்தான். அந்த ஜூலையில் ரெசிடென்சியைத் தாக்கிய துர்ரேபாஸ் கான் இன்று தியாகி. சாலார் ஜங்கை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் ஹைதராபாத்துக்கு இன்னமும் தயக்கம் இருக்கிறது.

இந்த விசுவாசத்துக்கு அவர் ஒரு விலையை எதிர்பார்த்தார். அதன் பெயர் பெரார். இன்றைய மகாராஷ்டிரத்தின் அமராவதி, அகோலா, யவத்மால், புல்தானா பகுதி. கருப்பு மண், பருத்திச் சீமை. நிஜாமின் பெயரில் ஆங்கிலேயர் நடத்திய 'ஹைதராபாத் கன்டின்ஜென்ட்' படைக்குச் சம்பள பாக்கி என்று சொல்லி 1853 மே மாதத்தில் டல்ஹௌசி அதை எடுத்துக்கொண்டார். அந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுக்கும் கதி நேர்ந்த திவான் சிராஜ்-உல்-முல்க், சில நாட்களில் இறந்துபோனார். அவர் சாலார் ஜங்கின் சித்தப்பா. காலியான பதவிக்குத்தான் இளைஞர் வந்தார். ஆக, பெரார் அவருக்கு அரசாங்க விவகாரம் மட்டுமல்ல, குடும்பத்துக் கணக்கும்கூட.

1860ல் புது ஒப்பந்தம் வந்தது. கடன் ரத்து. ராய்ச்சூரும் தாராசிவமும் திரும்பின. பெரார் மட்டும் திரும்பவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்து அங்கிருந்து பருத்தி வரத்து நின்றதும் பெராரின் மதிப்பு எங்கோ போய்விட்டது. கடனே இல்லை என்றான பிறகு அடமானம் எதற்கு என்பது சாலார் ஜங்கின் கேள்வி. படைச் செலவுக்குப் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம் என்றும் எழுதிப் பார்த்தார். கல்கத்தா அசையவில்லை. சரி, லண்டனிலேயே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்.

முந்தைய நிஜாம் அப்சல்-உத்-தௌலா காலத்தில் அனுமதி இல்லாமல் நகருக்கு வெளியே கால்வைக்க முடியாமல் கிடந்தவர் அவர். 1869ல் அந்த நிஜாம் இறந்து, இரண்டரை வயது மஹபூப் அலி கான் பட்டத்துக்கு வந்தபோது ராஜப் பிரதிநிதிகளில் ஒருவரானார். வழியும் திறந்திருந்தது. 1874ல் செகந்தராபாத்துக்கு ரயில் வந்துவிட்டது. சூயஸ் கால்வாய் திறந்து 6 வருடத்துக்கு மேலாகிவிட்டது. பிரிட்டிஷ் இளவரசரோடு இந்தியா வந்திருந்த சதர்லாண்ட் பிரபு விருந்தினராக வரச் சொல்லி அழைத்திருந்தார். 1876 ஏப்ரலில் பரிவாரத்தோடு பம்பாயில் கப்பலேறினார் திவான். கூடவே போனவர்களில் ஒருவர் அவருடைய செயலர் சையத் ஹுசைன் பில்கிராமி. பின்னாளில் ஹைதராபாத்தின் அரசு நூலகத்துக்கு வித்திட்டவர், லண்டனில் இந்திய மந்திரியின் கவுன்சிலில் உட்கார்ந்த முதல் இரு இந்தியர்களில் ஒருவர்.

முதலில் இத்தாலி. ரோம் நகரம் அப்போதுதான், 1870ல், போப்பாண்டவர் கையிலிருந்து இத்தாலி அரசின் கைக்கு மாறியிருந்தது. ஒரு ராஜ்யத்தின் நிலம் பேப்பரில் ஒருவருக்கும் நடப்பில் இன்னொருவருக்கும் இருப்பது என்ன என்று ஹைதராபாத்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அங்கேதான் பென்சோனியின் ரெபெக்காவை வாங்கினார். முக்காடு என்றால் என்னவென்று தெரிந்த ஊருக்கு முக்காடிட்ட பெண்ணை வாங்கிப் போனது ரசனையா, குறும்பா தெரியாது.

அடுத்து பாரிஸ். ஓட்டல் படிக்கட்டில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். யாராயிருந்தாலும் அங்கேயே தங்கிவிடுவார்கள். இவர் ஜூன் தொடக்கத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கால் ஊன்ற முடியாமல் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

லண்டன் அவரைக் கொண்டாடியது. 1857ல் தெற்கைக் காத்த மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின. விக்டோரியா மகாராணி விண்ட்சரில் வரவேற்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. லண்டன் மாநகரம் கௌரவக் குடிமகனாக்கியது. விருந்து, மாலை, மரியாதை - எதற்கும் குறைவில்லை. பெரார் என்ற சொல் வந்தபோது மட்டும் கதவு மூடியது. இந்திய மந்திரி சாலிஸ்பரியின் நிலை எளிமையானது: எதுவானாலும் கல்கத்தா வழியாக அனுப்புங்கள். கல்கத்தாவில் புது வைஸ்ராய் லிட்டன். அவர் சாலார் ஜங்கைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். ஆகஸ்டில் ஊர் திரும்பியவரிடம் சிலை இருந்தது, பட்டம் இருந்தது, ஊனமான கால் இருந்தது.

இறுதிப் பதில் 1878ல் வந்தது. நிஜாம் சிறுவர். அவர் வயதுக்கு வந்து ஆட்சியை ஏற்கட்டும், பிறகு பேசலாம். நிஜாம் 1884 பிப்ரவரியில் ஆட்சியை ஏற்றார். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, 1883 பிப்ரவரி 8 அன்று, காலராவில் போய்விட்டார் சாலார் ஜங். சாவதற்குச் சற்று முன்புதான் ஒரு ஜெர்மன் பிரபுவுக்கு மீர் ஆலம் ஏரியில் விருந்து கொடுத்திருந்தார்.

பெராருக்கு என்ன ஆயிற்று? 1902ல் கர்சன் நேரில் வந்து நிஜாமுடன் தனியறையில் பேசினார். வருடம் 25 லட்ச ரூபாய் குத்தகைக்கு நிரந்தரமாகக் கைமாறியது. அந்தச் சமயம் நிஜாமுக்கு 'ஜி.சி.பி.' பட்டம் கிடைத்தது. 'கேவ் கர்சன் பெரார்' என்று அதற்கு விரிவு சொல்லிச் சிரித்தார்கள் ஹைதராபாத்காரர்கள். 1936ல் கடைசி ஆறுதல்: நிஜாமின் மூத்த மகன் ஆஜம் ஜாவுக்குப் 'பெரார் இளவரசர்' என்ற பட்டம். ஊர் இல்லாத இளவரசர். இந்த ஆஜம் ஜாவும் தம்பியும் 1931ல் பிரான்சின் நீஸ் நகருக்குப் போய், நாடு கடத்தப்பட்டிருந்த கடைசி துருக்கி கலீஃபாவின் மகளையும் உறவுப் பெண்ணையும் மணந்துவந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தவற்றில் இரண்டாவது புகழ்பெற்ற சரக்கு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்களில் ஒருவரான நிலோஃபரின் பெயர்தான் இன்றைக்கும் நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு.

சாலார் ஜங்கின் மகன் மீர் லாயிக் அலி கானின் ஐரோப்பா வேறு மாதிரி. படிப்பு முடித்த கையோடு 1882ல் அவரை அனுப்பிவைத்தார் தந்தை. இருபதுகூட நிரம்பாத வயது. பார்த்ததையெல்லாம் பாரசீகத்தில் எழுதிவைத்தார். தந்தைக்குப் பின் 1884ல் பிரதமரானவர், மூன்றே வருடத்தில் நிஜாமோடு ஒத்துப்போகாமல் பதவி இழந்தார். மறுபடி கப்பலேறினார். இந்தமுறை லண்டனின் 'நைன்டீன்த் செஞ்சுரி' இதழில் 'ஐரோப்பா ரிவிசிட்டட்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதினார். தந்தை கேட்க வந்தார், மகன் பார்க்க வந்தார். 1889ல் லாயிக் அலி இறந்தபோது அவருடைய ஒரே மகனுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது.

அந்தக் குழந்தைதான் மீர் யூசுஃப் அலி கான், மூன்றாம் சாலார் ஜங். அவரும் இரண்டு வருடம் போலப் பிரதமராக இருந்தார், 1914ல் விலகினார். அதற்குப் பிறகு 35 வருடம் ஒரே வேலை: வாங்குவது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உலகின் மூலை முடுக்கிலிருந்து வியாபாரிகள் அவருடைய திவான் தேவடி மாளிகைக்கு வந்துகொண்டேயிருந்தார்கள். தாத்தாவின் ரெபெக்காவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் பொருட்கள் சேர்ந்தன. 1949 மார்ச்சில் வாரிசு இல்லாமல் இறந்தார். 1951 டிசம்பர் 16ல் அந்த மாளிகையிலேயே நேரு மியூசியத்தைத் திறந்துவைத்தார். 1961ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு மத்திய அரசின் பொறுப்பில் எடுத்தது. 1968ல் மூசி ஆற்றங்கரைக் கட்டடத்துக்கு மாறியது. சுமார் 46,000 கலைப்பொருட்கள், 8,000 சுவடிகள். இடையில் எத்தனையோ காணாமல் போயின என்று பழைய நகரத்தில் பேசிக்கொள்வதற்கும் குறைவில்லை.

கட்டடத்துக்கு இரு பக்கமும் பின்னால் சேர்த்த பகுதிகளில் கிழக்கிலிருப்பதற்கு மகன் லாயிக் அலியின் பெயர். மேற்கிலிருப்பதற்குத் தாத்தா துராப் அலியின் பெயர். ஐரோப்பா இருப்பது மேற்கில்.

சென்னையிலிருந்து மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை ஹைதராபாத். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சார்மினாரிலிருந்து நடந்தே வந்துவிடலாம். வழியில் பழைய திவான் தேவடியின் வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. மாளிகை இல்லை. வளைவுக்குள்ளே கடைவீதி. ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் புகுந்து போகின்றன. 1876ல் திவான் வந்து இறங்கிய வீடு அங்கேதான் இருந்தது.