மகள் வரைந்த கட்டங்கள்

பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்த நம் குடும்பங்களில், மஃரிபுக்குப் பின் ஒரு காட்சி அடிக்கடி நிகழ்கிறது. பிள்ளை வீட்டுப்பாடத்தை விரிக்கிறது. தந்தை உதவ அமர்கிறார். சற்று நேரத்தில் பிள்ளை அழுகிறது. சிங்கப்பூரில் என் இல்லத்திலும் இது நிகழ்ந்தது. குற்றம் என்னுடையது, ஆகவேதான் எழுதுகிறேன்.

என் மகள் தொடக்கநிலை நான்கில் பயின்றபோது ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். தங்கையிடம் உள்ளதைப்போல் 3 மடங்கு பணம் அண்ணனிடம் இருக்கிறது. அண்ணன் 12 வெள்ளியைத் தங்கைக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமமாகிவிடும். எனில், முதலில் யாரிடம் எவ்வளவு இருந்தது?

நான் வரலாற்றுப் பட்டதாரி. எனினும், ஊர்ப் பள்ளியில் கற்ற அல்ஜீப்ரா மறக்கவில்லை. தங்கையின் பணத்தை 'எக்ஸ்' எனக் கொண்டு, சமன்பாடு எழுதி, தங்கையிடம் 12, அண்ணனிடம் 36 என விடை கண்டேன்.

"டீச்சர் கட்டம் போட்டுச் செய்யச் சொன்னார்கள், அத்தா" என்றாள்.

"படம் வரைந்து விளையாடவா பள்ளிக்கூடம் அனுப்புகிறேன்?" என்று அதட்டினேன்.

அதன்பின் கணக்கில் வீட்டுப்பாடமே இல்லை என்று சொல்லி வந்தாள். நானும் நம்பினேன். ஒரு மாதம் சென்று, அவளுடைய பையின் அடியில் செய்யப்படாத பயிற்சித்தாள்கள் மடித்துச் செருகியிருக்கக் கண்டேன். மதரஸாவில் பொய்யின் தீங்கைப் போதிக்கும் நான், என் வீட்டிலேயே ஒரு பிள்ளையைப் பொய்யின் பக்கம் விரட்டியிருந்தேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

அன்றிரவு அவளருகே அமர்ந்து, "அத்தாவுக்குச் சொல்லிக்கொடும்மா" என்றேன். தயங்கித் தயங்கி வரைந்தாள். தங்கைக்கு ஒரு கட்டம். அண்ணனுக்கு அதே அளவில் மூன்று. அண்ணனின் ஒரு கட்டம் தங்கையிடம் போனால் ஆளுக்கு இரண்டு. ஆகவே ஒரு கட்டம் 12 வெள்ளி. அவ்வளவுதான்! நான் பல வரிகளில் செய்ததை அவள் நான்கு கட்டங்களில் முடித்துவிட்டாள்.

இம்முறை இங்குள்ள பாடநூல்களில் 1980களில் புகுத்தப்பட்டது. முதலில் பொருளைக் கையால் தொட்டு எண்ணுதல், அடுத்து படமாக வரைதல், பிறகே குறியீடு என்பது இதன் வரிசை. நானோ இரண்டாம் படியில் நின்ற பிள்ளையை மூன்றாம் படிக்கு இழுத்தேன்.

இன்னொன்றும் என்னை வெட்கமுறச் செய்தது. 'அல்ஜீப்ரா' என்ற சொல்லே, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது. அம்மேதையிடம் 'எக்ஸ்' கிடையாது. கணக்குகளைச் சொற்களால் விளக்கி, சதுரங்கள் வரைந்து மெய்ப்பித்தார். அந்நூலின் பெரும்பகுதி மரணசாசனம், வாரிசுரிமை பற்றிய கணக்குகளே.

மறுவாரம் மதரஸாவில் பாகப்பிரிவினைப் பாடம். இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். சொத்து 32,000 வெள்ளி. கரும்பலகையில் நீண்ட கட்டம் ஒன்றை வரைந்து எட்டாகப் பிரித்தேன். மனைவிக்கு ஒன்று, 4,000. மீதி 28,000-ஐ நான்கு கட்டங்களாக்கி, மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று: மகனுக்கு 14,000, மகள்களுக்கு ஆளுக்கு 7,000. வழக்கமாக விழித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் அன்று எனக்கு முன்பே விடை சொன்னார்கள். அதைக் கற்றுத்தந்த ஆசிரியை என் மகள்!

பெற்றோர்களே! அயல்நாட்டுப் பள்ளியின் முறை உங்களுக்குப் புதிதாயிருப்பதில் இழிவில்லை. பிள்ளை விடையைத் தவறவிட்டால், "உன் டீச்சர் எப்படிச் செய்தார்கள்?" என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டாலே, பாதிப் பிழைகளை அவர்களே கண்டுகொள்வார்கள். உங்கள் முறையைப் பிறகு காட்டலாம், அவசரமில்லை. கணக்கு இன்றில்லாவிட்டால் நாளை வரும். உங்களிடம் உண்மையைச் சொல்ல அஞ்சிய பிள்ளையின் நம்பிக்கை அத்தனை எளிதில் திரும்புவதில்லை.

என் மகளின் நம்பிக்கை திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்!