கட்டையாவது மிஞ்சட்டும்

துப்பாக்கி சேர்ப்பவர்களைக் கேள்விப்பட்டிருப்போம். அதன் மரக்கட்டையை மட்டும் தேடி அலைகிற ஒரு கூட்டமும் உண்டு. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் ராணுவம் கழித்துவிட்ட பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்னைப்பர் துப்பாக்கியின் மாதிரியைக் கட்டியெழுப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் பெரிதும் மதிப்பது பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு நம்பர் 4 டி. சோதனையில் குறி பிசகாமல் சுட்ட .303 துப்பாக்கிகளைத் தனியே பொறுக்கியெடுத்து, லண்டனில் வேட்டைத் துப்பாக்கிக்குப் பேர்போன ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். போர் முடிவதற்குள் அந்த நிறுவனம் 20,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு டெலஸ்கோப் பொருத்திக் கொடுத்தது. அந்த டெலஸ்கோப் முதலில் பிரென் எந்திரத் துப்பாக்கிக்காக உருவானது. பொருள்களை மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். அது குழலுக்கு மேலே உயரத்தில் உட்கார்ந்ததால் சுடுபவனின் கண் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. அதற்காகப் பின்கட்டையின் மேல் ஒரு மரத்திண்டை இரண்டு திருகாணிகளால் இறுக்கினார்கள். கன்னத்தை அதில் பதித்தால் கண் தானாகக் கண்ணாடிக்கு நேரே வரும். மாதிரி கட்டுபவர்கள் தேடுவது இந்தத் திண்டோடு கூடிய அசல் பின்கட்டையைத்தான். புதிதாகக் கடைந்த கட்டை எங்கும் கிடைக்கும். போருக்குப் போய் வந்த கட்டைதான் கிடைப்பதில்லை.

வெறும் பித்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. துப்பாக்கியில் மனித உடம்புக்கு அளவெடுத்துச் செய்த பாகம் கட்டை ஒன்றுதான். லீ என்ஃபீல்டின் பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது. அரை அங்குல வித்தியாசத்தில் நெட்டையனுக்கு ஒன்று, நடுத்தர உயரத்துக்கு ஒன்று, குட்டையனுக்கு ஒன்று, அவனிலும் குள்ளமானவனுக்கு ஒன்று. எந்த நீளம் என்பதற்கான எழுத்தை மரத்தில் அடித்திருப்பார்கள். குழல் எல்லோருக்கும் ஒரே குழல்தான். ஸ்னைப்பர் துப்பாக்கியின் கட்டையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்கென்று சரிபார்த்த டெலஸ்கோப்பின் எண்ணைக் கட்டையின் கழுத்தில், மேல்பக்கமாக அச்சடித்தார்கள். எந்தக் கண்ணாடி எந்தத் துப்பாக்கியோடு சேர வேண்டும் என்பதற்கு மரமே சாட்சி. கழுத்தின் அடிப்பக்கம் ஹாலண்ட் நிறுவனத்தின் ரகசியக் குறியான எஸ் 51 இருக்கும். முதல் உலகப்போர்க் காலத்துப் பின்கட்டைகளில் படைப்பிரிவின் பெயரைப் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைப் பதித்திருந்தார்கள். ஆக, துப்பாக்கி உருகிப்போன பிறகும் அதை வைத்திருந்தவனின் தோளளவு, அவன் படை, அவன் பார்த்த கண்ணாடி எல்லாம் ஒரு முழ மரத்தில் மிஞ்சுகின்றன. இரும்பு வேலையைச் செய்தது, கணக்கை மரம் எழுதி வைத்தது என்று சொல்லலாம்.

இதையெல்லாம் கொல்லிமலையின் வளப்பூர் நாட்டோடு சேர்த்துப் பேசுவது விநோதமாகத் தோன்றலாம். அந்த மலையில் நாடு என்றால் ஊர்களின் தொகுதி. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் இருக்கிற நாடு அது. ஸ்னைப்பர் துப்பாக்கி எதுவும் அங்கே வந்து இறங்கியதில்லை. ஆனால் கொல்லிமலை நாடுகளில் நாட்டுத் துப்பாக்கி உண்டு. காவல்துறைக் குறிப்பில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதப்படுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கி, குழல் வாயிலேயே மருந்து திணித்துச் சுடுவது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் தாமாக ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று நாமக்கல் மாவட்டக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், துப்பாக்கிகள் ஊர்ப் பெரியவர்கள் வழியாகக் காவல் நிலையத்துக்கு வருவதும், சில யாருடையவை என்று தெரியாமல் பொது இடத்தில் கிடப்பதும் செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழகிப்போன சங்கதிகள். இப்படிச் சேர்பவை கடைசியில் அழிக்கப்படுகின்றன. அழிக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. குழலை அறுக்கட்டும், பூட்டை நசுக்கட்டும். கட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளட்டும் என்பதே நான் சொல்ல வருவது. கழற்றிய கட்டைக்கு ஓர் எண், வந்த ஊரின் பெயர், மரத்தின் வகை, யார் செய்தது என்று தெரிந்தால் அந்தக் குறிப்பு. மலைமேலுள்ள செம்மேட்டில் ஓர் அறை இருந்தால் போதும்.

முதலில் வரக்கூடிய மறுப்பு எளியது, நியாயமானதும்கூட. ஆலையில் இழைத்த வால்நட் கட்டைக்கும், மலைக்காரர் அரிவாளால் செதுக்கிய கட்டைக்கும் என்ன ஒப்பு? அதில் முத்திரை இல்லை, எண் இல்லை, படைப்பிரிவு இல்லை. உண்மைதான். ஆனால் முத்திரை இல்லாததாலேயே அந்தக் கட்டை கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. என்ஃபீல்டு துப்பாக்கிக்கு ஆலைப் பதிவேடு உண்டு, ராணுவக் கையேடு உண்டு, அதைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. கட்டை தொலைந்தாலும் வரலாறு தொலையாது. மலையில் செய்த துப்பாக்கிக்குக் காகிதத்தில் இருக்கும் ஒரே வரலாறு முதல் தகவல் அறிக்கை. அதைச் செய்த தச்சன் எந்த மரத்தைத் தேர்ந்தான், அதன் இழையை எந்தப் பக்கம் ஓடவிட்டான், பிளந்த இடத்தைக் கம்பி சுற்றிக் கட்டினானா தகடு அடித்தானா, எத்தனை கைகள் பட்டு எந்த இடம் வழுவழுப்பானது என்பதெல்லாம் கட்டையைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. கொல்லிமலையில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. சாமையும் தினையும் விளைந்த கொல்லையில் மரவள்ளி ஏறிக்கொண்டிருந்த காலத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையாளிப் பழங்குடியினரோடு சேர்ந்து சிறுதானிய ரகங்களைத் தேடிச் சேர்த்தது. விலை போகாத விதை என்று யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சாமைக்கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த கருவி மட்டும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதாக ஏன் இருக்க வேண்டும்?

காட்டுப்பன்றி என்றதும் இரண்டாவது மறுப்பு வந்துவிடும். இந்தத் துப்பாக்கிகள் பயிர்க்காவலுக்கு மட்டுமா இருந்தன? வேட்டைக்கும் இருந்தன, சண்டையிலும் சில வெளியே வந்தன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது வேட்டை கூட இல்லை, குற்றம். குற்றத்தின் கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமை பேசலாமா? பெருமை பேசக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் ஏற்கெனவே ஒரு வேட்டைக்காரரைப் பெருமை பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே அம்பில் யானை தொடங்கி உடும்பு வரை ஐந்து உயிரைத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு சொல்லும் வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் குதிரைமேல் சிலை, ஆடி 17, 18-இல் அரசு விழா. வில் பழையதானதால் வீரமாகிவிட்டது, துப்பாக்கி புதியதானதால் வழக்காகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மலையில் வாழ்ந்த மனிதர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள் என்ற நெடுங்கதையைச் சொல்ல நம்மிடம் பொருள் ஒன்றுமில்லை. அழகுபடுத்தாமல் காட்டுவதற்குக் கட்டையைவிடப் பொருத்தமானது வேறில்லை என்றும் நினைக்கிறேன். முழுத் துப்பாக்கியைக் கண்டால் பையன்களுக்குக் கை பரபரக்கும். குழலில்லாத கட்டையைக் கண்டு யாருக்கும் வீரம் பொங்காது.

சட்டத்தை முன்வைக்கும் மறுப்புதான் கனமானது. அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கி என்பது அதன் நடு உடல்தான். அதை அறுத்துப்போட்டுவிட்டு மற்ற பாகங்களை மூட்டையாகக் கட்டி விற்கலாம். அங்கே மாதிரி கட்டும் பொழுதுபோக்கு செழித்ததற்குக் காரணம் அதுவே. நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. ஆயுதம் என்ற வரையறைக்குள் அதன் பாகங்களும் அடங்குகின்றன. கட்டையை வெளியே விட்டால் நாளைக்கு அதில் வேறு குழலைப் பொருத்திவிடுவார்கள் என்று ஓர் அதிகாரி அஞ்சினால் அந்த அச்சத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கும் பொருந்தாது. அரசு ஊழியர் தம் பணியின் பேரில் வைத்திருப்பதற்கும் அங்கேயே விலக்கு உண்டு. அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளர் கையில் கட்டை இருந்தால் சட்டத்துக்கு ஒரு சங்கடமும் இல்லை. தனியார் சேகரிப்பாளர் கைக்குப் போவதைத்தான் நான் கேட்கவில்லை. மேலை நாட்டுப் பழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காசு புழங்கும் இடத்தில் போலி புழங்கும். சாதாரணக் கட்டையில் திண்டை அறைந்து, கழுத்தில் எண்ணை அடித்து, அசல் ஸ்னைப்பர் என்று விற்பது அந்த உலகத்தின் தீராத தலைவலி. மாதிரி என்று சொல்லிக்கொள்ளும் மாதிரியால் கெடுதல் இல்லை. அசல் என்று சொல்லிக்கொள்ளும் மாதிரி, அசலையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறது.

மலைமக்கள் பயப்பட மாட்டார்களா என்பது அடுத்தது. ஊர்ப்பெயர் எழுதி வைத்தால் நாளைக்கு அந்த ஊரையே சந்தேகிப்பார்களே? இந்தப் பயத்துக்கு வேர் ஆழமானது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதத்தை உரிமத்துக்குள் அடைத்தபோது, யாரை நம்பலாம் யாரை நம்பக் கூடாது என்ற பாகுபாட்டையும் சேர்த்தே எழுதியது. குடகர்களுக்கு அதற்கு முந்தைய சட்டத்திலிருந்து 1861-இலேயே கமிஷனர் மார்க் கப்பன் விலக்கு அளித்துவிட்டார். அது இன்றுவரை வேறு வடிவில் தொடர்கிறது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. குடகில் கைல்போது பண்டிகையன்று துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். கொல்லிமலையில் அதே கருவி புதருக்குள் ஒளிகிறது. கருவி ஒன்றுதான், பதவியில் இருந்தவரின் பார்வை வேறு. இப்போதைய சட்டத்தின் 13-ஆம் பிரிவுகூடப் பயிர்க்காவலுக்காக குழல் வாயில் மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க வழி வைத்திருக்கிறது. மலைமேலிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கு இறங்கி, மனுவெழுதி, விசாரணைக்குக் காத்திருந்து அதைப் பெறுவதைவிட, தெரிந்தவரிடம் ஒன்று செய்து வாங்குவது ஒரு குடியானவனுக்கு எளிதாக இருந்திருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பெயர் கேட்டு எழுதினால் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. ஆகவே ஆள் பெயர் வேண்டாம். ஊர் என்றுகூட வேண்டாம், வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாட்டின் பெயர் போதும். செய்தவன் பெயர் அவனோ அவன் பிள்ளைகளோ விரும்பிச் சொன்னால் மட்டும். வரலாற்றாசிரியருக்கு இது குறைச்சல்தான். ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

படம் எடுத்து வைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். படத்தில் மரத்தின் எடை தெரியாது. உள்பக்கத்தில் குழலுக்காகக் குடைந்த பள்ளத்தின் உளித்தடம் தெரியாது. எந்த மரம் என்று ஐயமறச் சொல்ல, மரத்தின் ஒரு சிட்டிகைத் துணுக்கு வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. 1855-இல் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி இறந்து தஞ்சை அரசு கம்பெனியிடம் போன பிறகு, அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பெரும்பகுதியை உடைத்து உலோக விலைக்குத் தள்ளினார்கள். பொறுக்கியெடுத்த ஒரு பங்கு மட்டும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்று எழும்பூரில் தென்னிந்தியக் கட்டாரிகளையும் வாள்களையும் பார்த்து வியக்கிற ஒவ்வொருவரும் அந்தப் பொறுக்கலுக்குக் கடன்பட்டவர்கள். உடைந்துபோன மிச்சத்தில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் சொல்ல முடியாது. அன்று பொறுக்கியவர்கள் வேலைப்பாட்டைப் பார்த்தார்கள். சாதாரணப் படைவீரனின் மட்டமான வாளை எடுத்து வைக்க அவர்களுக்குத் தோன்றியிருக்காது. இன்று அந்த மட்டமான வாளைத்தான் ஆய்வாளர் தேடுவார்.

போலீஸ் கையிலிருந்த லீ என்ஃபீல்டு .303-உம் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தன்று அதற்கு விடைகொடுத்தது. அதற்கேனும் விழாவும் பேச்சும் புகைப்படமும் கிடைத்தன. நாட்டுத் துப்பாக்கிக்கு அந்த மரியாதையை யாரும் எதிர்பார்க்கவில்லை. செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். அழிப்பதற்கு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் மனுவில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கூட்டுவது: உலோகப் பாகங்கள் அழிக்கப்பட்ட பின் மரப்பாகங்கள் அருங்காட்சியகத் துறையிடம் ஒப்படைக்கப்படும். எழுத வேண்டியவர் ஒரு காவல் ஆய்வாளர், பெற்றுக்கொள்ள வேண்டியவர் ஒரு காப்பாளர். கட்டையைக் கழற்ற ஒரு திருப்புளியும் அரைமணி நேரமும் போதும்.