முடிச்சூரில் மஞ்சளான மல்லி

போன ஐப்பசியில் ஒரு வேலையாகத் தாம்பரம் போயிருந்தேன். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அப்போது ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இப்போது வீட்டுக்கு நாலு பூச்செடிதான் மிச்சம். ஆனாலும் மண் தன் குணத்தை விடவில்லை.

பல்லாவரம், வண்டலூர் பக்கம் பாறை. அது சிதைந்து உண்டான சரளைச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது. காகிதப்பூவுக்கு ஏற்ற இடம். அங்கே ஒரு வீட்டில் காகிதப்பூ ஆள் உயரம் தழைத்து நிற்கிறது, ஒரு பூ இல்லை. தினமும் தண்ணீர், மாதம் இரண்டு முறை யூரியா! தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் வரும். யூரியாவை நிறுத்தி, இலை லேசாக வாடிய பிறகு தண்ணீர் விடுங்கள் என்றேன். பள்ளிக்கரணைப் பக்கம் நேர்மாறு. சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண். அங்கே செம்பருத்தியை மேடு கட்டி நட்டால்தான் மழைக்காலத்தில் வேர் அழுகாது.

முடிச்சூர் சங்கதி வேறு. அறுபது வயது அம்மா ஒருவர், வீட்டைச் சுற்றி முப்பது குண்டுமல்லி வைத்திருக்கிறார். பறித்துக் கட்டி, பஸ் நிறுத்தத்தில் முழம் போட்டு விற்கிறார்.

"சித்திரையிலேயே ரெண்டு ஆழாக்கு தேறல சார். பேத்தி படிப்புச் செலவு இதுலதான் ஓடுது. பிடுங்கிப் போட்டுடட்டுமா?"

"அவசரப்படாதீங்கம்மா" என்று இலையைப் பார்த்தேன். கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது நினைவிருக்கும். அதன்பின் மனையை உயர்த்த லாரி லாரியாக மண் கொட்டியிருக்கிறார். நல்ல மண் என்று சொல்லித்தான் விற்றார்களாம். கடப்பாறை போட்டால் அரை அடியில் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, சிமென்ட் கட்டி. காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றினேன்; நுரைத்தது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, பூட்டின குதிர் மாதிரி. குழியில் போட்ட செம்மண்ணில் இரண்டு வருடம் நன்றாகப் பூத்த செடி, வேர் குழியைத் தாண்டியதும் மஞ்சளாகிவிட்டது. போதாததற்குப் போர் தண்ணீர். வாளியில் வெள்ளையாகப் படியும் உப்புத் தண்ணீர்.

செடிக்கு ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் ஓர் அடி ஆழம் தோண்டி, காரையை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும் போடச் சொன்னேன். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்து. துளிர் வந்ததும் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து, மாலையில் இலை நனையத் தெளிக்க வேண்டும். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. (அன்னபேதியைச் சுவரில் படாமல் தெளியுங்கள், துருக்கறை போகாது. என் வீட்டுச் சுவரே சாட்சி.) மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஊற்றவும் சொன்னேன்.

பங்குனியில் மறுபடி போனேன். இருபது செடியில் இலை கரும்பச்சை. விடியற்காலையில் ஒரு படி மொட்டு பறித்திருந்தார். மதில் ஓரத்துப் பத்து மட்டும் இன்னும் மஞ்சள். அங்கே காரை இரண்டடிக்குக் கீழும் போகிறது. ஆள் வைத்துத் தோண்டக் காசில்லை. "தொட்டிக்கு மாத்தலாமா?" என்றார். இப்போது வேண்டாம், பூக்கிற நேரம்; கார்த்திகையில் கவாத்து செய்யும்போது வேர்மண்ணோடு எடுத்து மாற்றுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன். பத்துத் தொட்டி வாங்க இப்போதிருந்தே உண்டியலில் போடுகிறாராம்.