கடலோடியும் வழிப்போக்கனும்

மயிலிட்டித் துறைக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டின் விறாந்தையிலே, கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருமகன் தடித்த நூலொன்றை விரித்து வைத்தான். ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஆட்டக்காரர் கைந்நூல் அது. 2024 செப்டெம்பரில் வெளிவந்த புதிய பதிப்பு. 384 பக்கங்கள் கொண்டது.

மாமன் அறுபதைக் கடந்த கடற்றொழிலாளி. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். ஆதலின், ஒருவர் தம்மை விடுத்து இன்னொருவராவது அவருக்குப் புதுமையன்று. வைரமுத்துவின் அரிச்சந்திரன் எத்தனை இரவு ஆடினாலும் சுடலைக்கே போய்ச் சேருவான். இங்கோ எழுதி வைத்த முடிவென்று ஒன்றில்லை. அண்ணாவியாரைப் போல ஒருவர் கதையை நடத்த, இருபது முகப் பகடை விழுந்தவாறு அது திரும்புகின்றது. இதுவே அவரை வியப்பித்தது.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் அமெரிக்காவில் ஆக்கிய இவ்விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே, பிறப்பே ஆற்றலை வகுத்தது. குள்ளர் குலத்தவனுக்கு உடலுறுதி. எல்ஃப் குலத்தவனுக்குச் சுறுசுறுப்பு. புதிய பதிப்பு ‘இனம்’ என்ற சொல்லையே அகற்றி ‘உயிரினம்’ என மாற்றியது. மிகைப்புள்ளிகளைப் பிறப்பினின்றும் பிரித்து, பாத்திரத்தின் பின்னணியோடு, அதாவது அவன் முன்னர் வாழ்ந்த வாழ்வோடும் செய்த தொழிலோடும், இணைத்தது. மருமகன் இதனைப் பெருஞ் சீர்திருத்தமாக எடுத்துரைத்தான். 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்த மாவிட்டபுரம் அவ்விறாந்தையிலிருந்து அதிக தூரமன்று; மாமனுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியிருக்கவில்லை. எனினும் அவர் கேட்டார்:

“தம்பி, எங்கட ஊரிலை தொழிலை வைச்சுத்தானே பிறப்பையே சொல்லுறவை? இதிலை என்ன மாறினது?”

கேள்வி நியாயமானதே. தொழிலை விரும்பியவாறு மாற்றக்கூடிய நாட்டில் எழுதப்பட்ட விதி அது. தொழிற்பெயரே சாதிப்பெயராய் வழங்கிய யாழ்ப்பாணத்தில் அதனை வாசிக்கும்போது, முன்வாசலால் அனுப்பப்பட்டது பின்வாசலால் நுழைந்தது போலத் தோன்றும். நூலிலுள்ள பதினாறு பின்னணிகளுள் கடலோடிக்கு உடல்வலு, சுறுசுறுப்பு, விவேகம் ஆகிய மூன்றிலேயே மிகைப்புள்ளி சேரும். கல்வியறிவிற் சேராது. குற்றவாளிக்குக்கூட அது சேரும் என்பதை மருமகன் சற்றுத் தயக்கத்துடனேயே வாசித்தான். கடலோடியின் சிறப்பாற்றலோ தவறணைச் சண்டை! மாமன் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

“உங்கட ஆள் கடலோடிதானே மாமா?” என்று மருமகன் தாளை நீட்டினான்.

அவர் உடனே விடை கூறவில்லை. 1990 யூனில் ஊர் பெயர்ந்தது. துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் 2017 யூலையிலேதான் விடுவிக்கப்பட்டன. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் அவர் வலை பிடித்த நாள்களிலும் முகாமிற் கைகட்டி இருந்த நாள்களே அதிகம். பக்கங்களைப் புரட்டச் செய்து, ‘வழிப்போக்கன்’ என்ற பின்னணியில் நிறுத்தினார். அதற்குரிய சிறப்பாற்றல் யாதென வினவினார்.

“அதிர்ஷ்டம்” என்றான் மருமகன், குரல் தாழ்ந்து.

“அலைஞ்சவனுக்கு அதிர்ஷ்டமோ? சரி. இரண்டையும் எழுதேலாதோ?”

“ஏலாது மாமா. ஒண்டுதான்.”

‘கடலோடி’ என்றே எழுதப்பட்டது. மிகைப்புள்ளி மூன்றில் இரண்டை உடல்வலுவில் இடப்போன மருமகனைத் தடுத்து, விவேகத்தில் இடச் சொன்னார் மாமன். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது விழும் என்பதைத் தோள்வலு அறியாது என்பது அவர் கட்சி. பின்னணிகளை வகுத்தவர்கள் விவேகத்தையும் கடலோடிக்குத் தந்திருப்பது அந்நூலின் நல்ல இடங்களுள் ஒன்றெனலாம்.

முதற்காட்சி ஓர் இருண்ட துறைமுகம். தொலைவில் விளக்கில்லாப் படகொன்று வருகின்றது. அது யாருடையதென அறியப் பகடை உருட்டவேண்டும். உருண்ட பகடை ஏழில் நின்றது.

“காணாது மாமா” என்றான் மருமகன்.

“காத்து எந்தப் பக்கத்தாலை எண்டு முதல்லை சொல்லு.”

மருமகன் நூலைப் புரட்டத் தொடங்கினான்.