யாரிடம் எதைக் கேட்பது?

பி.காம். மூன்றாம் வருஷம் வந்துட்டா போதும், ஓசூரில் தெருவுக்கு நாலு பேர் நமக்கு வழி சொல்லக் காத்திருப்பாங்க.

கோச்சிங் சார் சி.ஏ. என்கிறார். டிகிரியில் 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரா இன்டர் போகலாம். 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் 3 வருஷத்திலிருந்து 2 வருஷமா குறைஞ்சிருக்கு. எல்லாம் நிஜம்தான். ஆனா கூடவே, "வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டிடு" என்கிறாரே, அங்கேதான் இடிக்குது. அப்பா லேத் ஓட்டுகிறவர். பி.எஃப். பணத்தை எடுக்கலாமான்னு விசாரிக்கவே ஆரம்பிச்சிட்டார்.

மாமாவோ "எம்.பி.ஏ. பண்ணுடா, பெங்களூரு 40 கிலோமீட்டர்தானே" என்பதோடு முடிச்சுக்கிட்டார். பாசம் நிறைய, விவரம் கம்மி.

மூணாவது ஆள் எனக்கு வழி சொல்ல வரவே இல்லை. சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனி அக்கவுண்டன்ட். சனிக்கிழமைகளில் அவரிடம் டேலி பழகப் போறேன். ஒருநாள் பிளேட்டிங் வேலைக்காக பொம்மசந்திராவுக்கு சரக்கு கிளம்பியது. மதிப்பு 18,000 ரூபாய். டெலிவரி சலான் போட்டுட்டு, "50,000-க்குக் கீழேதானே அண்ணா, இ-வே பில் வேண்டாம்" என்றேன். ஜி.எஸ்.டி. பேப்பரில் நல்ல மார்க் வாங்கின திமிர்! அவர் நிமிரவே இல்லை. "வேற ஸ்டேட்டுக்கு ஜாப் வொர்க் போனா ஒரு ரூபாய் சரக்குக்கும் பில் வேணும்பா. அத்திப்பள்ளி தாண்டினா கர்நாடகா." வண்டியை வழியில் நிறுத்திக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்னு ராத்திரி வரைக்கும் யோசிச்சேன்.

இவர்தான் சரியான ஆள்னு நினைச்சு, "சி.ஏ. சேரட்டுமா அண்ணா?"ன்னு கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுப்பா. பி.காம். முடிச்சதுமே வேலைக்கு வந்துட்டேன். இப்ப படிக்கிறவங்களைக் கேளு" என்றார். தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பெங்களூருவில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் சீனியர் அக்காவுக்கு போன் போட்டேன். இன்டர் ரெண்டு குரூப்பும் பாஸ் பண்ணினால்தான் ஆர்ட்டிகிள்ஷிப் என்பதை முதலில் சொன்னது அவங்கதான். (சார் இதை ஏனோ வேகமாத் தாண்டிட்டார்.) "சேரும்போதே என்ன வேலை கொடுப்பீங்கன்னு கேட்டுடு. எனக்கு ஆறு மாசம் ரிட்டர்ன் ஃபைலிங் மட்டும்தான்" என்றாங்க.

சி.ஏ. எழுதத்தான் போறேன். ஆனா கடைசி செமஸ்டர் மார்க் வரட்டும், அதுவரைக்கும் பி.எஃப்.-ல் கை வைக்காதீங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சார் ரெண்டு தடவை கூப்பிட்டார். மறுநாள் பொம்மசந்திராவுக்கு அடுத்த லோடு. இ-வே பில் நான்தான் போட்டேன். அண்ணன் ரெண்டு தடவை சரிபார்த்தார்.